கேடய மண்டலா: நடுவில் நெரிசல், என்ன செய்வது?

பேனாமுனை:
மண்டலா, அதாவது வட்டக் கோல ஓவியம் வரைகிறேன்: 30 செ.மீ. வட்டம், 12 பங்கு. பங்குக்கு ஒரு இடைக்கால ஐரோப்பியக் கேடயம், அதில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். கூர்முனையை வெளிப்பக்கம் வைத்ததால் அகலமான மேல்பகுதிகள் மையத்தில் முட்டிக்கொள்கின்றன. இடத்துக்காகச் சுருக்கியதில் சிங்கம் எலியாகிவிட்டது. கருப்பு மை மட்டும்தான், வண்ணம் இல்லை. மூன்று தாள் கிழித்தாயிற்று.

காம்பஸ்காரன்:
கேடயத்தைத் திருப்புங்கள். கூர்முனை மையத்தைப் பார்த்தால் பங்கின் ஆப்பு வடிவத்தில் தானாகவே உட்காரும். 12 வேண்டாம், 8 போதும். 10 செ.மீ. ஆரத்தில் 12 பங்குக்கு 5 செ.மீ. சொச்சம்தான் அகலம், 8 என்றால் கிட்டத்தட்ட 8 செ.மீ. வரும். அப்புறம், சிங்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மரபுப்படி அது கேடயம் பிடித்தவரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் பார்க்கும். எட்டையும் ஒரே திசையில் சுழற்றினால் துரத்திக்கொண்டு ஓடுவது போல இருக்கும், அழகு.

இரும்புச்சட்டை:
வண்ணம் இல்லாவிட்டால் என்ன, கோடு இருக்கிறதே! 1638-இல் பெட்ரா சாங்தா என்ற இத்தாலியப் பாதிரியாரின் நூல் பரப்பிய, கேடயத்தின் வண்ணங்களைப் புள்ளி, கோடுகளால் காட்டும் முறை: புள்ளி என்றால் பொன், வெறுமை வெள்ளி, நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம். பொன்மேல் வெள்ளி வைக்கக் கூடாது என்ற பழைய விதியும் உங்களுக்கு உதவும்: புள்ளிப் பரப்பில் வெள்ளைச் சிங்கம் எடுபடவே எடுபடாது.
வெளி வளையத்துக்குச் சங்கிலிக் கவசம் போடுங்கள். ஒவ்வொரு சங்கிலி வளையமும் பக்கத்து நான்கைக் கோத்திருக்க வேண்டும். கை வலிக்கும், சொல்லிவிட்டேன்.

பேனாமுனை:
திருப்பிப் பார்த்தேன், சிங்கத்துக்கு இப்போது பிடரியே வந்துவிட்டது! சங்கிலி கால்வட்டம் முடிந்தது. கை நிஜமாகவே வலிக்கிறது.