மறு: மறு: ஏடிஎச்டி, தமிழில் என்ன எழுதுவது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

த. எழுதியது, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

பெற்றோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம்தான். கூடவே வகுப்பாசிரியர் நிரப்ப வேண்டிய கேள்வித்தாள் ஒன்று. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், நானோ தலைப்பைத் தாண்டவில்லை. ஏடிஎச்டி என்பது கவனம் நிலைக்காமல், ஓரிடத்தில் இருக்க முடியாமல் போகும் நிலைக்கு மருத்துவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். அதற்குத் தமிழில் கைவசம் இருப்பவை: கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, கவனப் பற்றாக்குறை, அவதானக் குறைபாடு, சும்மா 'கவனச்சிதறல்'.

முதலாவதைப் போட்டு ஒரு பக்கம் எழுதி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் பத்தியிலேயே நிறுத்திவிட்டார். "கவனக்குறைவுக்கு எதுக்கும்மா டாக்டர்? நாலு அதட்டுப் போட்டா சரியாயிடும்" என்றார். அவர்மேல் தப்பில்லை. 'ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்று தினமும் படிக்கிற மொழியில் அந்தச் சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு முடிச்சு. இதற்குத் தரும் ஸ்டிமுலன்ட் வகை மருந்தை 'ஊக்கமருந்து' என்று எழுதினால், பதக்கம் பறிபோன ஓட்டக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். அப்புறம், கேள்வித்தாளில் வரிக்கு வரி 'ஆஃபன்'. 'அடிக்கடி' போதுமா?

பு. எழுதியது, திங்கள் மாலை

அன்புள்ள த. அவர்களுக்கு,

சிக்கல் 'குறைவில்' இல்லை, 'கவனத்தில்' இருக்கிறது. கவனம் வடசொல் என்பாரும் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கவ்வு என்னும் வேரிலிருந்து வந்தது. மனம் ஒரு பொருளைக் கவ்வுவதே கவனம். ஆனாலும் ஐயத்துக்கு இடமுள்ள சொல்லைக் கலைச்சொல்லின் தலையில் வைக்க வேண்டாம். ஓர்தல் என்றால் ஒன்றில் ஊன்றி எண்ணுதல். அதன்வழி 'ஓர்மை'. ஆக, 'ஓர்மைத் தளர்ச்சி'.

ஆங்கிலப் பெயரில் 'அளவுக்கு மேல்' என்ற பொருளில் வரும் ஹைப்பருக்கு 'மீ' இருக்கிறது: மீச்செயல். 'மிகைச்செயல்பாடு' என்பதில் செயலும் பாடும் சேர்ந்து ஏன் இழுபட வேண்டும்?

இதைவிட அழகான ஒன்று. 'சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்ப தறிவு' என்கிறது குறள். மனம் போன போக்கில் அதைப் போகவிடாமை! கவனம் பற்றி இதைவிடச் சுருக்கமான வரையறை எந்த மொழியில் உண்டு? செலவு என்றால் போதல். எனவே 'மனச்செலவு' என்று ஆக்கினால் நோயின் தன்மை முழுதும் அடங்கிவிடும்.

யா. எழுதியது, திங்கள் இரவு

புலவர் ஐயாவுக்கு வணக்கம். 'மனச்செலவு' என்றால் பெற்றோர் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

ஓர்மையும் வேண்டாம் ஐயா. அது சில வட்டாரங்களில் இன்றும் ஞாபகம் என்ற பொருளில்தான் புழங்குகிறது, மலையாளத்திலும் அதே. ஓர்மைத் தளர்ச்சி என்று கேட்டால் முதியவரின் மறதி நோய் என்றுதான் எண்ணுவார்கள். கவ்வு என்ற வேரிலிருந்து கவ்வல் வரும், சரி. கவனம் எந்த விகுதியால் வந்தது?

இலங்கைத் தமிழில் நாங்கள் புழங்குவது 'அவதானம்'. வீதிப் பலகையில்கூட அதுதான். 'அவதானக் குறைபாடு' என்றால் எங்களுக்குத் திட்டுவது போலக் கேட்காது.

பு. எழுதியது, செவ்வாய் காலை

> கவனம் எந்த விகுதியால் வந்தது?

நட, நடனம் ஆனது போல.

யா. எழுதியது, செவ்வாய் காலை

நடனமே யாருடையது என்று இன்னும் தீரவில்லையே ஐயா!

ஆ. எழுதியது, செவ்வாய் மதியம்

அவதானம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு காரியங்களில் ஒரே நேரம் கவனம் வைத்துக் காட்டினார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், கணக்குக் கொடுப்பார்கள், நடுவில் மணியடிப்பார்கள், முதுகில் கல்லெறிவார்கள். எத்தனை மணி, எத்தனை கல் என்று கடைசியில் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் நூறு இடத்துக்கு மனம் போவது அங்கே பட்டம், என் வகுப்பில் கோளாறு! (வேறுபாடு தெரியும். அவர் எல்லாவற்றுக்கும் திரும்பி வந்தார்.)

சொல் விவாதத்தை விடுங்கள், அந்தக் கேள்வித்தாளை நிரப்பப் போகிறவள் நான். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். 'அடிக்கடி இருக்கையை விட்டு எழுகிறான்' என்றால் யாரோடு ஒப்பிட்டு அடிக்கடி? கணக்குப் பாடத்திலா, ஓவியத்திலா? கடைசி மணியில் வகுப்பே எழுந்துதான் நிற்கும். அந்தத் தாளில் நான் இடும் குறிதான் மாத்திரை வரை போகும் என்றால், 'அடிக்கடி'க்கும் 'மிக அடிக்கடி'க்கும் நடுவே என் பேனா எங்கே நிற்க வேண்டும்? என் வகுப்பில் எனக்குச் சந்தேகம் வந்த பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலும் வயதில் கடைக்குட்டிகள். பேர் வைத்தால் பின்னாலேயே மருந்து வரும் என்று பயமாக இருக்கிறது.

ஹைப்பருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் எல்லாரும் சொல்வது 'துறுதுறு'. மீச்செயல் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள்.

ம. எழுதியது, செவ்வாய் இரவு

நான் குழந்தை மனநல மருத்துவர். நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இருப்பது கல்லில் வெட்டிய பெயர் என்று நினைத்துத் தமிழைத் தேடுகிறோம். அது நாலு தடவை சட்டை மாற்றியது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது அவர் வைத்தது 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்ற பெயர். த. அவர்களின் பக்கத்து வீட்டு அம்மா அங்கேதான் நிற்கிறார். 1968-இல் அமெரிக்க மனநலக் கையேடு அதை மிகையியக்க எதிர்வினை என்றது. 1980-இல் இயக்கம் பின்னுக்குப் போய்க் கவனக் குறை முன்னுக்கு வந்தது. 1987-இல் இரண்டையும் ஒட்டி இன்றைய பெயர். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பு வரை 'ஹைப்பர்கைனெடிக்' (மிகையியக்கம்) என்றே வைத்திருந்தது, பதினொன்றில்தான் ஏடிஎச்டிக்கு வந்தது.

இத்தனை மாற்றியும் பெயர் சரியில்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. பிடித்த விளையாட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பான். 'அப்போ மட்டும் எப்படி முடியுது?' என்று அப்பா கேட்பார், அதற்குப் பதில் சொல்வதிலேயே என் பாதி நேரம் போகிறது. கவனத்தைக் கூப்பிட்ட நேரத்துக்கு வரவழைக்கவும், போ என்றால் அனுப்பவும் முடியவில்லை. அதுதான் சிக்கல். 'குறைவு' என்பது ஆங்கிலத்திலேயே தவறு. அந்தத் தவறை நாம் ஏன் உண்மையாக மொழிபெயர்க்க வேண்டும்?

இனி ஆசிரியர் அம்மாவின் பயம். அது நியாயமானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 எல்லை. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட இந்தப் பெயர் கிடைக்கும் வாய்ப்பு 30% கூடுதல், மருந்து கிடைக்கும் வாய்ப்பு 41% கூடுதல் என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுபிள்ளைத்தனம் நோயாகக் கணக்கில் ஏறுகிறது. ஆனால் உங்கள் தாள் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பவர் ஒழுங்கான மருத்துவர் இல்லை. கவனப் பக்கம் ஒன்பது அறிகுறி, துறுதுறுப்புப் பக்கம் ஒன்பது. ஏதாவது ஒரு பக்கம் குறைந்தது ஆறு அறிகுறி ஆறு மாதம் நீடிக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும், வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். கடைசி இரண்டையும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

செ. எழுதியது, புதன் காலை

டாக்டர், அவசரம் ஒரு விபத்து போலச் சொல்கிறீர்கள். அது வியாபாரம். அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆலன் ஃபிரான்சிஸே பின்னாளில், தேவைக்கு மேல் இந்தப் பெயர் சூட்டப்படுகிறது என்று கண்டித்தார். தமிழில் சொல் இல்லாததே இதுவரை ஒரு பாதுகாப்பாக இருந்தது என்பேன். சொல் வந்தால் கூடவே ஆள் வருவார். என் வாக்கு: சொல்லே வேண்டாம்.

ம. எழுதியது, புதன் மதியம்

சொல் இல்லாதபோது பிள்ளை சும்மா விடப்படவில்லை. அவனுக்கு 'மக்கு', 'அடங்காப்பிடாரி', 'சோம்பேறி' என்ற சொற்கள் இருந்தன.

மருந்து பற்றி இரண்டு பக்கமும் சொல்கிறேன். 1937-இல் சார்ல்ஸ் பிராட்லி முப்பது பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஸ்டிமுலன்ட் மருந்தைக் கொடுத்தார், ஏறக்குறைய பாதிப் பேரின் படிப்பு சட்டென்று நிமிர்ந்தது. 1999-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் பார்த்தது. அறிகுறிகளை அடக்குவதில், நன்றாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் கொடுத்ததை வென்றது. அதே பிள்ளைகளை மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வித்தியாசம் இல்லை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்பவரையும்தான். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். உயரம், எடை, நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, மருந்து பிறகுதான்.

'ஊக்கமருந்து' வேண்டவே வேண்டாம். 'ஏற்கெனவே ஆடுறான், இதுல ஊக்கம் வேறயா?' என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். இந்த மருந்து முடுக்குவது பிரேக்கை. 'தூண்டு மருந்து' பரவாயில்லை, அதிலும் தூண்டில் மீன் வாடை.

யா. எழுதியது, புதன் மாலை

வேர்ச்சொல் தேடிக் களைத்தவர்களுக்கு ஒரு செய்தி. இதற்குத் தரும் ஸ்டிமுலன்ட் மருந்துகளில் ஒன்றான மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் ஆக்கிய வேதியியலாளர் பனிசோன், அதற்கு ரிட்டலின் என்று பெயர் வைத்தது மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவிலிருந்து. டென்னிஸ் ஆடுமுன் அந்த அம்மா அதைப் போட்டுக்கொள்வாராம். எந்த நிகண்டையும் யாரும் புரட்டவில்லை.

பு. எழுதியது, புதன் மாலை

அவர்களுக்கு நிகண்டு இல்லை. நமக்கு இருக்கிறது.

இம்பல்சிவிட்டிக்கு, அதாவது எண்ணுமுன் செய்துவிடும் இயல்புக்கு, யாரும் வாய் திறக்கவில்லை. 'முந்துறல்' என்று குறித்துக்கொள்க.

ஆ. எழுதியது, புதன் இரவு

அதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது ஐயா: முந்திரிக்கொட்டை. கேள்வி முடியுமுன் பதில் சொல்வது, வரிசையில் நிற்க மாட்டாமை, அடுத்தவர் பேச்சில் புகுவது, மூன்றும் அதில் அடங்கும். கையேட்டில் அச்சடிக்கத்தான் முடியாது.

கேள்வித்தாளில் வரும் 'மோட்டார் பூட்டியது போல' என்ற வரிக்கு 'காலில் சக்கரம் கட்டியது போல' என்று த. போட்டிருப்பதாகத் தனிமடலில் சொன்னார். ஓயாமல் ஊர் சுற்றுபவரைத்தானே அப்படிச் சொல்வோம்? 'சாவி கொடுத்த பொம்மை போல' என்றால் ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும்.

க. எழுதியது, புதன் நள்ளிரவு

இந்தக் குழுவில் ஒன்பது வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எனக்கு முப்பத்து நாலு வயதில் இந்தப் பெயரைச் சொன்னார்கள். இந்த மடலை மூன்று நாளாக எழுதுகிறேன், நடுவில் அடுப்புத் துடைத்தேன், பழைய ரசீதுகளை அடுக்கினேன்.

எங்கள் பள்ளி மதிப்பெண் அட்டையின் அடியில் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என் கட்டத்தில் ஒரே சொல், கையெழுத்து மட்டும் வேறு வேறு: கவனக்குறைவு. ஒரு வருடம் அதன் கீழே சிவப்பில் இரண்டு கோடு. அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போடுவார். அந்தச் சொல்லையே மருத்துவப் பெயராக வைத்தால் டாக்டர் இன்னொரு கோடு போடுவது போலத்தான் இருக்கும். சிதறலும் அப்படித்தான், கொட்டியவன் நான் என்று ஆகிறது.

எனக்கு நடப்பது தடுமாற்றம். கால் இருக்கிறது, தரையும் இருக்கிறது. வைத்த இடத்தில் நிற்பதில்லை. மாத்திரை போடும் நாளில் தடுமாற்றம் குறைகிறது, சாயங்காலம் எரிச்சல் வருகிறது. போடலாமா கூடாதா என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

த. எழுதியது, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. க., உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நாளை காலை அனுப்பியாக வேண்டும் என்பதால் முடித்துவிட்டேன். அட்டையில் 'ஏடிஎச்டி' என்று பெரிதாக, கீழே 'கவனத் தடுமாற்றமும் அளவுமீறிய துறுதுறுப்பும்' என்று சிறிதாக. கோளாறு, நோய் இரண்டும் தலைப்பில் இல்லை. உள்ளே 'நிலை' என்று வரும், மருத்துவர் ம. சம்மதித்தார், முழு மனதோடு அல்ல. 'துறுதுறுப்பு' செல்லம் கொஞ்சுவதாக அவருக்குக் குறை. மருந்துப் பகுதியில் 'ஊக்கமருந்து' கிடையாது. 'மூளையின் கட்டுப்பாட்டைத் தூண்டும் மருந்து' என்று நீட்டி எழுதிவிட்டேன். செ.வின் கவலையை மதித்து, மூன்றாம் ஆண்டுக் கதையும் வயதில் சிறிய பிள்ளைகளின் கதையும் அடிக்குறிப்பில் போகாமல் கையேட்டின் உள்ளேயே வந்திருக்கின்றன.

'அடிக்கடி' அப்படியே நிற்கிறது. மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு'. அதே வகுப்பு என்று எழுதவில்லை. இது மூலத்தாளில் இல்லாத வரி. வெட்டுவார்களா தெரியாது.

செ. எழுதியது, வெள்ளி காலை

வரி வெட்டப்பட்டால் தெரிவியுங்கள். என் வாக்கு மாறவில்லை.

பு. எழுதியது, வெள்ளி காலை

'அளவுமீறிய' என்பதில் 'மீ' வந்துவிட்டதால் அந்த அளவில் மகிழ்ச்சி. 'கவனத் தடுமாற்றம்' என வல்லினம் மிகுந்தே எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் சரி. அச்சுக்குப் போகுமுன் 'துறுதுறுப்பு' என்பதில் நான்கும் வல்லின 'று'வா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும், மெய்ப்பில் ஓரிடத்தில் 'துருதுரு' என்று கண்டேன்.

ஓர்மையை நான் கைவிடவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது பேசுவோம்.

ஆ. எழுதியது, வெள்ளி காலை

ஐயா, துறுதுறுப்பில் இரண்டே 'று'தான்.