மறுமொழி: மிகச் சிறிய செய்நிரலுக்குக் 'குறுக்கம்' எனலாமா?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வேலையை முடிந்தவரை குறைந்த எழுத்தில் செய்து முடிக்கும் செய்நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதும் போட்டியைக் கோட் கோல்ஃப் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் உரையாடலுக்கு இது என் பதில்.

> கோட் கோல்ஃபுக்கு 'குறுநிரல்' என்றே வைத்துவிடலாம். நிரல் என்ற சொல் நன்றாகப் பழகிவிட்டதே?

அண்ணை, தமிழ்நாட்டில் பழகிவிட்டது, உண்மைதான். இலங்கையின் வன்னியில் அது கைகொடுக்காது. எங்கட பிள்ளைகளுக்குக் கணித வகுப்பில் நிரை என்றால் கிடையாக வருவது, நிரல் என்றால் நிலைக்குத்தாக வருவது. அதனால்தான் இங்கே பாடநூலில் 'செய்நிரல்' என்று போடுகிறார்கள். கரும்பலகையில் 'குறுநிரல்' என்று எழுதினால் அட்டவணையில் ஒடுக்கமான நிரல் எது என்று தேடுவார்கள்.

கோல்ஃப் என்றே விடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் விழுத்துகிறவர் வெல்வார், அதுபோலக் குறைந்த எழுத்தில் வேலையை முடிக்கிறவர் வெல்வார் என்று பேர்ள் என்ற கணினி மொழிக்காரர் வைத்த பெயர் அது. அந்த ஆட்டத்தையே கண்டிராத பிள்ளைக்கு முதலில் ஆட்டத்தை விளக்க வேண்டும், அப்புறம்தான் சொல்லை.

என் முன்மொழிவு 'குறுக்கம்'. பள்ளித் தமிழ் இலக்கணத்திலேயே மகரக்குறுக்கம் படித்துவிடுகிறார்கள். 'போன்ம்' என்பதில் மகர மெய் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகிறது. எழுத்து அதே எழுத்து, அளவு மட்டும் குறைவு. நாங்கள் சொல்ல நினைப்பதும் இதுதான்: விடை மாறாது, செய்நிரலின் நீளம் மட்டும் குறையும். வினையும் சுலபமாக வரும்: குறுக்கு, குறுக்கினேன், இன்னும் குறுக்கலாம்.

> குறுக்கம் என்றால் 'குறுக்கால போவான்' என்று அம்மம்மா திட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது :-)

வரட்டும் தங்கச்சி, சொல் மனதில் நிற்கும்.

குறுக்கத்தையும் ஒற்றைவரியையும் மட்டும் கலக்க வேண்டாம். ஊர்ப் பெயர்ப் பட்டியலில் 'குளம்' என்று முடிபவற்றை எடுக்கக் கிரெப் என்ற தேடல் கட்டளையில் 'குளம்' எழுதி, வரி முடிவைக் குறிக்கும் டொலர்க் குறி போட்டால் போதும். புளியங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம் எல்லாம் வந்துவிடும். (இரணைமடு வராது, அவ்வளவு பெரிய குளமாக இருந்தும்.) இது அன்றாடத் தேவைக்கு எழுதுவது, இதற்கு, அதாவது ஒன்லைனருக்கு, 'ஒற்றைவரி' என்ற பெயர் போதும். போட்டிக்காக எழுத்தெழுத்தாக வெட்டுவதற்குத்தான் குறுக்கம்.

அடுத்த சிக்கல் அளவு. போட்டிகளில் பெரும்பாலும் பைட்டைத்தான் (கணினியில் பிடிக்கும் இடத்தின் அலகை) எண்ணுகிறார்கள். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி (யூனிகோட் தனி எண் கொடுத்திருக்கும் எழுத்தோ துணைக்குறியோ) ஒவ்வொன்றும் 3 பைட். பைத்தன் என்ற கணினி மொழியில் மாறிக்கு (மதிப்பைப் போட்டுவைக்கும் இடத்துக்கு) 'அ' என்று பெயர் வைக்கலாம், ஆனால் ஆங்கில எழுத்தைப்போல மூன்று மடங்கு விலை. தமிழில் எழுதுகிறவன் தொடங்க முன்னமே தோற்றுவிடுகிறான்.

எழுத்தை எண்ணலாம் என்றால் எது எழுத்து? 'கிளிநொச்சி'யில் நாங்கள் காண்பது 5 எழுத்து. பைத்தனிடம் நீளம் கேட்டால் குறிகளைத் தனித்தனியாக எண்ணி 10 என்கிறது, பைட்டில் 30. அதே சொல்லைப் பைத்தனின் வழக்கமான குறுக்குவழியால் திருப்பிப் பாருங்கள்: முன்னால் ஒரு விசிறி (ி) அநாதையாகத் தொங்கும், பிறகு 'ச்சொநிளிக' வரும். 'நொ'வின் கொம்பும் காலும் பக்கத்துச் சகரத்தில் ஏறிவிட்டன. வரவேண்டியது 'சிச்நொளிகி'.

எழுத்தெழுத்தாகச் சரியாகப் பிரிக்கப் பேர்ளில் ஒரு பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போதும். மெய்யையும் அதன் குறியையும் சேர்த்து ஒன்றாக எடுக்கும். பைத்தனோடு வரும் தேடற்கோவைப் (எழுத்து வடிவங்களைத் தேடும்) பொதியில் அது இல்லை, வேறு பொதி நிறுவ வேண்டும். அதிலும் 'க்ஷ' இரண்டாகத்தான் உடையும். எனக்கு அது பரவாயில்லை, கிரந்தத்துக்காக விதியை நீட்ட வேண்டாம்.

ஆகவே: கோட் கோல்ஃப் – குறுக்கம், ஒன்லைனர் – ஒற்றைவரி, அளவு – பைட் அல்ல, யூனிகோட் குறி. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அளவாக வைத்தால் ஒரே எழுத்தின்மேல் விலையில்லாமல் குறிகளை அடுக்கி ஏமாற்ற வழி பிறக்கும், அதனால்தான் குறி என்கிறேன். மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்; அந்தச் சொல்லுக்கு வினை வடிவமும் வேண்டும்.