பழைய புல்லட் 350: ராக்கருக்கு எண்ணெய் ஏறவில்லை

கேள்வி: அப்பா ஓட்டிய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி இது. டைமிங் கவரைக் (எஞ்சின் பக்கவாட்டில் டைமிங் கியர்களை மூடும் பாகம்) கழற்றிப் பூட்டிய நாள் முதல் மேலே ‘டக் டக்’ என்று அடிக்கிறது. மேல் மூடியைத் திறந்தால் ராக்கர் (வால்வைத் திறக்கும் நெம்புகோல்) உலர்ந்து கிடக்கிறது. பெரிய எண்ணெய் பம்ப் போட்டால் தீருமா?

பதில் 1: பம்ப்புக்குச் செலவழிக்கும் முன், எண்ணெய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, ராக்கருக்கு ஏறும் வெளிக்குழாயின் மேல்முனைப் பாஞ்சோ போல்ட்டை (எண்ணெய் செல்ல உள்ளே துளையுள்ள போல்ட்) மெல்லத் தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் அடைப்பு அதற்குக் கீழேதான் இருக்கிறது. கவரைப் பூட்டும்போது கேஸ்கெட் பசையை (கசிவைத் தடுக்க இணைப்பில் பூசும் பசை) அள்ளிப் பூசியிருந்தால், பிதுங்கிய பசை எண்ணெய் வழிக்குள் புகுந்து இறுகியிருக்கும்.

பதில் 2: குழாயைக் கழற்றினால் இருபுறச் செப்பு வாஷர்களையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஏறும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். உலர்ந்த ராக்கர் விரைவில் தேய்ந்துவிடும்.

கேட்டவர்: நன்றி ஐயா. கீழ் போல்ட்டின் பக்கத் துளையில் மிளகளவு சிவப்புப் பசை இறுகியிருந்தது. ஊசியால் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினேன். இப்போது இரண்டு ராக்கரும் நனைந்து பளபளக்கின்றன.