2008 கார்பன் ஃபைபர் கிடார்: 1,900 டாலர் கேட்கலாமா?

கம்பிநாதன் (ஹூஸ்டன்)
வீடு மாறுகிறோம். மூன்று கிடாரில் ஒன்று போயே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. போகப்போவது காம்போசிட் அக்கூஸ்டிக்ஸ் கம்பெனி செய்த என் ஜிஎக்ஸ். முழுக்கக் கார்பன் ஃபைபர். லூசியானாவின் லஃபாயெட்டில் 2008-இல் செய்தது. இங்கிருந்து ஐ-10 சாலையில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் சொந்தக்காரரிடமிருந்து 2011-இல் 1,300 டாலருக்கு வாங்கினேன். கேஸ் இருக்கிறது. ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் வேலை செய்கிறது, வால்யூமைத் திருகினால் மட்டும் கரகரக்கிறது.

அந்தப் பழைய கம்பெனி 2010 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதே வருஷம் பீவி என்ற இசைக்கருவிக் கம்பெனி அதை வாங்கி, வேலையை மிசிசிப்பியின் மெரிடியனுக்குக் கொண்டுபோனது. ஆக, லஃபாயெட் கிடார் இனி ஒன்றுகூட வரப்போவதில்லை. இணையத்தில் ஒருவர் இதே மாடலுக்கு 2,200 சொல்கிறார். நான் 1,900 கேட்கலாம் என்றிருக்கிறேன். நியாயம்தானே?

மரப்பிரியன்
1,100. கேஸின் தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்தால் இன்னும் ஐம்பது.

இனி வராது என்பதாலேயே ஒரு பொருளுக்கு விலை ஏறிவிடாது. என் பழைய பிரிண்டர்கூட இனி வராது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மார்ட்டின் டி-28 கிடார் என்றால் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்? மரம் காயக் காய ஒலி திறக்கும் என்ற நம்பிக்கை ஒன்று. அதில் போட்ட பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் மாட்டிக்கொண்டதால் இன்று எளிதில் கிடைக்காது என்பது இன்னொன்று. கார்பனுக்கு இரண்டும் கிடையாது. 2008-இல் எப்படி ஒலித்ததோ அப்படியேதான் இன்றும் ஒலிக்கும். பிறகு வயதுக்கு எதற்குத் தனிக் காசு?

அப்புறம், அந்த 2,200 சொல்கிற ஆசாமி எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று பாருங்கள். சொல்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பாருங்கள், இசைக்கருவி விற்கும் ரிவெர்ப் தளத்தில் விலை வரலாறு இருக்கிறது.

ஈரக்காற்று (சென்னை)
அண்ணா, உங்கள் வாதத்தையே திருப்பிப் போடுகிறேன். மாறாமல் இருக்கிறது என்றால் விலை மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

பெசன்ட் நகரில் கடலிலிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறேன். என் மரக் கிடாரில் கார்த்திகை மாதம் மேற்பலகை உப்பி, கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். சித்திரையில் ஏசி அறையில் வைத்தால் சுருங்கி, கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளின் முனைகள் கையைக் கீறும். நான்காவது வருஷம், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பின்பக்கமாகப் பெயர்ந்தது. இடுக்கில் ஒரு தாள் நுழைகிற அளவுக்கு. பதினைந்து, இருபது வருஷ மரக் கிடார் என்றாலே வாங்குகிறவர் கழுத்தின் சாய்வைப் பார்ப்பார். கழுத்தைக் கழற்றிச் சாய்வைச் சரிசெய்து ஒட்டும் நெக் ரீசெட் செய்ய அமெரிக்காவில் பல நூறு டாலர் ஆகும், அதைக் கழித்துக்கொண்டுதான் பேரமே ஆரம்பம். கார்பனில் அந்தக் கழிவு இல்லை. அது கணக்கில் வரவேண்டாமா?

இன்னொன்று. 2017 ஜனவரி முதல் 2019 நவம்பர் வரை ரோஸ்வுட் துண்டு இருந்தாலே எல்லை தாண்டி விற்கக் காகிதம் கேட்டார்கள். கார்பன் உடம்புக்கு அந்தத் தொல்லையே இல்லை.

மரப்பிரியன்
தம்பி, அந்த அருமை உனக்குத் தெரிகிறது, சரி. டெக்சாஸில் கடைக்குப் போகிறவனுக்குத் தெரிகிறதா? அவன் கண்ணுக்குப் படுவது எனியா, லாவா மாதிரி பிராண்டுகள். ஓரிரு நூறு டாலரிலேயே 'கார்பன் கிடார்' என்று எழுதிய பெட்டி கிடைக்கிறது. பதினேழு வருஷப் பழசுக்கு 1,900 என்றால் சிரித்துவிட்டுப் போவான்.

ஈரக்காற்று (சென்னை)
அது வேறு சாமான். விலை குறைந்த அந்த மாடல்களில் நிறைய, பிளாஸ்டிக்கில் பொடி இழையைக் கலந்து அச்சில் ஊற்றியவை. ஜிஎக்ஸ் மாதிரியானவை நெய்த கார்பன் துணியை எபாக்ஸியில் நனைத்து, அடுக்கடுக்காகப் போட்டு இறுக வைத்தவை. ஹவாயின் மாவி தீவில் இயற்பியல் படித்த ஜான் டெக்கர் தொடங்கிய ரெயின்சாங், அயர்லாந்தின் எமரால்டு எல்லாம் இந்தக் குடும்பம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நெசவே தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பட்டுப்புடவையையும் நைலானையும் கிலோ கணக்கில் விற்பது மாதிரி.

பழைய கார்பனுக்கு மவுசே இல்லை என்றும் சொல்லாதீர்கள். நெட் ஸ்டைன்பெர்கரின் தலையில்லாத எல்2 பேஸ் கிடாரை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அது மரமா?

மரப்பிரியன்
ஸ்டைன்பெர்கர் 1980-களின் மேடையையே மாற்றிய வடிவம். எந்த மேடையை மாற்றியது ஜிஎக்ஸ்? அருமையான கிடார், மறுக்கவில்லை. ஆனால் சேகரிப்பவன் கதைக்குத்தான் காசு கொடுக்கிறான். இதை வாங்குகிறவன் வாசிக்க வாங்குகிறான். வாசிக்க வாங்குகிறவன் பேரம் பேசுவான்.

பட்டறைக்காரன் (டொரன்டோ)
இரண்டு பேரும் கிடாரைப் பார்க்காமலே விலை போடுகிறீர்கள். கார்பனுக்கு வயதாகாது என்பது பாதி உண்மை. உடம்புக்கு ஆகாது. ஃபிரெட் கம்பி வழக்கமான உலோகம்தான், தேயும். எலெக்ட்ரானிக்ஸுக்கு வயதாகும். மேல்பூச்சு வெயிலில் மஞ்சளிக்கும். கோடை வெயிலில் காருக்குள் கிடந்திருந்தால் ஒட்டுப் பசை இளகியிருக்கும், பிரிட்ஜைப் பாருங்கள். டெக்சாஸ்காரர் என்பதால் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

கம்பிநாதன் சார், இன்று ராத்திரியே மூன்று வேலை செய்யுங்கள். கால் டாலர் நாணயத்தின் விளிம்பால் உடம்பு முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டிக் டிக்' என்னும். அடுக்கு பிரிந்த இடம் ஈர அட்டைப்பெட்டி மாதிரி 'தொப் தொப்' என்னும். விளிம்பில் முடி மாதிரி கோடு இருந்தால் பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் மேல்பூச்சு விரிசல்தான். ஆனால் உள்ளே டார்ச் அடித்து, அதே இடத்தில் உள்பக்கமும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கதை வேறு.

இரண்டாவது, ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவதிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவதுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைந்தால் நல்லது. பழைய கார்பன் கிடார்கள் பலவற்றில், கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்கிற உள்கம்பியான ட்ரஸ் ராட் கிடையாது. கழுத்து கோணியிருந்தால் திருகிச் சரிசெய்ய வழியில்லை, ஃபிரெட்டைத்தான் ராவ வேண்டும்.

மூன்றாவது, ஃபிரெட் உயரம். அதுவும் மில்லிமீட்டரில். 'பரவாயில்லை' என்று எழுதாதீர்கள்.

ஈரக்காற்று (சென்னை)
பணவீக்கத்தையும் சேருங்கள். 2011-இன் 1,300 இன்றைக்கு 1,850 பக்கம் வரும். 1,100-க்கு விற்றால் சுமார் நாற்பது சதவீதம் நஷ்டம்.

மரப்பிரியன்
நஷ்டமா? பதினான்கு வருஷம் வாசித்தாரே, அதற்கு வாடகை யார் கொடுத்தது? அவர் வாங்கியது கிடார், ஃபிக்ஸட் டெபாசிட் இல்லை. வாங்குகிறவனுக்கு உங்கள் பழைய ரசீதில் என்ன அக்கறை?

கம்பிநாதன் (ஹூஸ்டன்)
தட்டிப் பார்த்துவிட்டேன். பதினோரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து கிடாரை நாணயத்தால் தட்டினால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று சொல்லத் தேவையில்லை.

உடம்பு முழுக்க 'டிக்'. கீழ் வளைவில், தோள்வார் மாட்டும் பொத்தான் பக்கம் இரண்டு அங்குலக் கோடு ஒன்று உண்டு. 2014-இல் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தது. உள்ளே டார்ச் அடித்தேன், சுத்தமாக இருக்கிறது. ட்ரஸ் ராட் இல்லை. ஏழாவது ஃபிரெட்டில் கார்டு நுழைகிறது, ஆடவில்லை. பிரிட்ஜைச் சுற்றி இடுக்கே இல்லை.

ஃபிரெட்தான் அடி. ஒன்று முதல் ஐந்து வரை, முதல் இரண்டு கம்பிகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. நல்ல இடத்தில் 1 மில்லிமீட்டர், பள்ளத்தில் 0.7. இத்தனை வருஷமும் ஜி, சி, டி சுரக்கூட்டுகளிலேயே காலம் தள்ளியதன் பலன்.

விற்றவை பட்டியலையும் பார்த்தேன். மரப்பிரியன் சொன்னதுபோல 2,200 ஆசாமி மார்ச்சிலிருந்து அங்கேயே இருக்கிறார். ஆனால் விற்றதும் 1,100 இல்லை. கைக்குக் கிடைத்த நான்கில் மிகக் குறைந்தது 1,250, மிக அதிகம் 1,700. அந்த 1,700-க்கு ஃபிரெட் புதிதாகப் போட்டிருந்தது.

பட்டறைக்காரன் (டொரன்டோ)
நான்கை வைத்துச் சராசரி போடாதீர்கள். இவ்வளவு சின்னச் சந்தையில் ஆசைப்பட்ட ஒருவர் வந்தாலே இருநூறு ஏறும், வராவிட்டால் இருநூறு இறங்கும். உங்களுடையதற்கு மிக நெருக்கமான ஒன்றை மட்டும் எடுத்து, வித்தியாசங்களைக் கூட்டிக் கழியுங்கள்.

0.7-க்கு எல்லா ஃபிரெட்டையும் மாற்றுகிற முழு ரீஃபிரெட் வேண்டாம். ராவி மெருகேற்றினால் போதும். ஆனால் கார்பன் கழுத்தில் வேலை பார்த்த கை வேண்டும், முதலில் அதைக் கேளுங்கள். வால்யூம் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். அது தீர்ந்தால் விளம்பரத்தில் ஒரு குறை குறையும். எலெக்ட்ரானிக்ஸ் சந்தேகம் என்றால் நூறு, நூற்றைம்பது கழிப்பார்கள், கிளீனர் பத்து டாலர்தான்.

ஈரக்காற்று (சென்னை)
அப்படியானால் 1,600 கேளுங்கள், 1,500-க்கு விடுங்கள். லஃபாயெட் என்று தலைப்பிலேயே போடுங்கள், தேடுகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

மரப்பிரியன்
1,600-இல் தளத்தின் கமிஷனும் பணம் மாற்றும் கட்டணமும் சேர்ந்து எட்டு சதவீதம் போகும், சுமார் 130. காப்பீட்டோடு அனுப்பும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹூஸ்டனிலேயே கைக்குக் கை 1,350 கிடைத்தால் நான் விட்டுவிடுவேன். விழுந்த கதையை மறைக்காதீர்கள், படத்தோடு போடுங்கள்.

ஆமாம், 1,100 என்றது கொஞ்சம் கஞ்சத்தனம்தான். 1,900 என்றதும் அதே அளவு பேராசை.

கம்பிநாதன் (ஹூஸ்டன்)
ஃபிரெட் ராவ இங்கே ஒருவர் 200 கேட்கிறார், கார்பன் கழுத்து பார்த்திருக்கிறாராம். கிளீனர் அடித்தேன், கரகரப்பு முக்கால்வாசி போய்விட்டது. ராவிய பிறகு உள்ளூரில் 1,450 என்று போடுகிறேன். மூன்று வாரம் பார்த்துவிட்டு வெளியூருக்குத் திறக்கிறேன். ராவாமல் அப்படியே எடுத்துக்கொண்டால் 1,250.

மரப்பிரியன்
ராவாமல் 1,250 என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். டாலஸில்தான் இருக்கிறேன்.

ஈரக்காற்று (சென்னை)
அண்ணா!!