லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம்: ஒரு பிற்பகலில் எதைப் பார்ப்பது?

பொருநைக்கரையான்:
அலுவலகப் பணி நிமித்தமாக அடுத்த மாதம் லண்டன் செல்கிறேன். அம்மாவும் உடன் வருகிறார்கள். ஒரு பிற்பகல் மட்டுமே எங்களுக்கென்று கிடைக்கும் என்பதால், தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். நவீனக் கலையில் எனக்கு ஆர்வம் உண்டு, பயிற்சி இல்லை. அம்மாவுக்கோ ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும்தான் ஓவியம். போதாக்குறைக்கு முழங்கால் வலி வேறு. கட்டணம் எப்படி, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று சென்றுவந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செவ்வானம்:
நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனியே சீட்டு வாங்க வேண்டும். ஒரு பிற்பகலுக்கு இலவசப் பகுதியே தாராளம். மின்தூக்கிகள் உள்ளன. மேற்கு வாசல் வழியே சென்றால் நீண்ட சரிவில் இறங்க வேண்டியிருக்கும் என்பதால் அம்மாவை நதிப்பக்க வாசல் வழியே அழைத்துச் செல்லுங்கள்.

படங்கள் பிடிக்காமற்போனாலும் கட்டடம் அவர்களைக் கவரும் என்றே நினைக்கிறேன். 1981இல் மூடப்பட்ட பேங்க்சைடு மின் நிலையம்தான் 2000இல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. ராட்சத இயந்திரங்கள் நின்ற டர்பைன் ஹாலில் தரையைக் கவனித்து நடங்கள். கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ 2007இல் அந்தக் கூடத்தின் நீளம் முழுவதும் கான்கிரீட்டில் ஒரு பிளவை உண்டாக்கினார்; மயிரிழையாகத் தொடங்கிப் போகப்போக அகன்று ஆழமான அந்தப் பிளவு, ஐரோப்பாவுக்குள் வந்தும் வெளியிலேயே நிறுத்தப்படுகிற குடியேறிகளின் நிலையைச் சொல்வது. கண்காட்சி முடிந்ததும் அதைப் பூசி அடைத்தார்கள், ஆனால் வடு மறையவில்லை. அதை மிதித்துக்கொண்டே பலர் கடந்துவிடுகிறார்கள்.

கீழைக்காற்று:
எல்லா அறைகளையும் சுற்றிவர முயல வேண்டாம். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் சீகிராம் ஓவியங்கள் காட்சியில் இருந்தால் அந்த அறையிலேயே நெடுநேரம் உட்காருங்கள், முழங்காலுக்கும் நல்லது. நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்து ஆடம்பர உணவகத்துக்காக 1958இல் ஒப்புக்கொண்ட வேலை அது. அங்கே ஒருமுறை உணவருந்திய பிறகு, இந்தச் சூழலுக்கு என் படங்கள் இல்லை என்று விலகிக்கொண்டார். பின்னர் அவற்றில் சிலவற்றை, டேட் மாடர்னின் தாய் நிறுவனமான டேட்டுக்கு நன்கொடையாக அளித்தார். அவை லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25 அன்றுதான் நியூயார்க்கில் அவர் இறந்துகிடந்தார். மங்கிய வெளிச்சத்தில் முதலில் வெறும் கருஞ்சிவப்பாகத் தெரியும். கண் பழகிய பிறகு ஓரங்கள் கரைந்து, ஒரு நிறத்தின் அடியிலிருந்து இன்னொன்று மேலெழும். இவை அவ்வப்போது இடம் மாற்றப்படுவதும் வெளிநாடு செல்வதும் உண்டு. ஆகவே புறப்படுமுன் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்கொற்றன்:
ராத்கோவைப் பற்றி மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் அங்குள்ள எல்லாவற்றுக்கும் அதே பயபக்தி தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரே 120 செங்கற்களை இரண்டடுக்காக அடுக்கிய படைப்பை 1972இல் டேட் வாங்கியது; 1976இல் செய்தி வெளியானதும் மக்கள் வரிப்பணத்தில் செங்கல்லா என்று பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. 1966இல் அடுக்கிய கற்கள் விலைபோகாததால் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு வேறு கற்களில் மறுபடியும் செய்ததுதான் டேட்டில் இருப்பது. அப்படியானால் கல்லுக்கு மதிப்பா, அடுக்கும் முறைக்கு மதிப்பா? சிந்திக்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்குக் கல்லை நேரில் பார்த்தாக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கடையில் வாங்கிய சிறுநீர்க்கலத்தையே மார்செல் துஷாம்ப் கலைப்படைப்பாக முன்வைத்ததும் அப்படியே. 1917இல் கண்காட்சிக்கு அனுப்பிய மூலம் தொலைந்துவிட்டது; டேட்டிடம் இருப்பது 1964ஆம் ஆண்டுப் பிரதி. உங்கள் அம்மா "இதை நானும் செய்வேனே" என்றால் மறுத்துப் பேசாதீர்கள், அந்த எதிர்ப்பைக் கிளப்பத்தானே துஷாம்ப் அதை முன்வைத்தார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் "நத்தை" காட்சியில் இருந்தால் அங்கே அழைத்துச் செல்லுங்கள். முதுமையில் நோயுற்றிருந்த காலத்தில், வண்ணம் பூசிய தாள்களை வெட்டி 1953இல் அவர் செய்தது. அதற்கு விளக்கமே வேண்டாம்.

பொருநைக்கரையான்:
மிக்க நன்றி. தூய பவுல் பேராலயத்தையும் அன்றே பார்க்க நினைக்கிறோம். அங்கிருந்து அம்மாவால் நடக்க முடியுமா?

செவ்வானம்:
மில்லேனியம் பாலத்தின் வழியே நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். 2000இல் திறந்தவுடன் நடப்பவர்களின் காலடியில் ஆட்டங்கண்டதால் மூடி, 2002இல் சரிசெய்து திறந்த பாலம் அது. இப்போது ஆடுவதில்லை, அம்மாவைத் தைரியமாக அழைத்து வாருங்கள். பேராலயத்தை முதலில் முடித்துவிடுங்கள், அங்கே கட்டணமும் உண்டு, பார்வையாளர் நேரமும் மாலையில் சீக்கிரமே முடிந்துவிடும்.