குழாய் ஆட்டத்துக்கு ஒரு சொல்: 'மடைப்புதிர்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குழாய்த் துண்டுகளைப் பொருத்தி நீரை ஓடவிடும் கணினி விளையாட்டுக்கும் அதன் துண்டுகளுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆட்டத்துக்கு இதுவரை 'குழாய்ப் புதிர்', 'குழாயிணைப்பு ஆட்டம்' என்ற இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் தவறில்லை. ஆனால் இரண்டிலும் குழாய் மட்டும்தான் இருக்கிறது, ஓட்டம் இல்லை. ஆளைப் பிடித்து உட்கார வைப்பதே அந்த ஓட்டம்தானே?

போன வாரம் பெருவிரைவு ரயிலில் என் மகள் கைப்பேசியில் இதை ஆடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேண்டியது நேர்க்குழாய். வந்ததோ அடுத்தடுத்து இரண்டு வளைவுகள். இரண்டையும் கீழ் மூலையில் போட்டுவிட்டாள். அதற்குள் தண்ணீர் திறந்துவிட்டது. சட்டென்று போக்கையே கீழே திருப்பினாள். "அங்க ஏற்கெனவே ரெண்டு வச்சிருக்கேன்பா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தேடிப்போய் வழியில் சேர்த்துக்கொள்கிற அந்த நொடிக்காகத்தான் இதை மறுபடி மறுபடி ஆடுகிறோம் என்று நினைக்கிறேன்.

இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1989இல் வெளிவந்த பைப் மேனியா. அமெரிக்காவில் பைப் டிரீம் என்ற பெயரில் விற்றார்கள். துண்டுகள் 7 வகை: நேர் இரண்டு, வளைவு நான்கு, குறுக்கு ஒன்று. எது வரும் என்பது நம் கையில் இல்லை, திருப்பி வைக்கவும் முடியாது. வைத்ததன்மேல் வேறொன்றை வைத்தால் புள்ளியும் போகும், நேரமும் போகும். சிறிது நேரம் கழித்து மடை திறக்கும். அப்புறம் அது நிற்காது. நாம் அதற்கு முன்னே முன்னே ஓடி வழி போட வேண்டும்.

'மடை திறக்கும்' என்று யோசிக்காமலே எழுதிவிட்டேன், பாருங்கள். அதனால்தான் 'மடைப்புதிர்' என்று முன்மொழிகிறேன். மடை திறப்பது, மடை மாற்றுவது என இந்த ஆட்டத்துக்கான வினைகள் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. குழாய்க்குப் பதில் மின்கம்பியோ தண்டவாளமோ வந்தாலும் பெயர் பொருந்தும்.

இரண்டு தடைகள் சொல்வீர்கள் என்று தெரியும். பிள்ளைகள் காதில் 'மடையன்' என்று விழும் என்பது ஒன்று. மடைப்பள்ளி என்று கோயிலில் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அது இரண்டு நாளில் பழகிவிடும். இன்னொன்று, சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வாய்க்கால் ஏது, வயல் ஏது என்பது. வயல் இல்லைதான். ஆனால் மரினா அணைக்கட்டு இருக்கிறதே! 2008இல் திறந்தது. அங்கே 9 மடைக்கதவுகள். கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் கதவைத் திறந்து நீரை வெளியே விடுகிறார்கள், கடல் ஏறியிருந்தால் பம்பு வைத்து இறைக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு மடை என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஓட்டமே இல்லாமல், துண்டுகளைச் சுழற்றி நிதானமாகப் பொருத்தும் ஆட்டங்களும் நிறைய உண்டு. அவற்றுக்குக் 'குழாய்ப் புதிர்' என்பதையே வைத்துக்கொள்ளலாம். நேரம் நெருக்கினால் மடைப்புதிர்.

துண்டுகளின் பெயர்களில், குறுக்குக்கு 'நாற்சந்தி' என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. வளைவுக்கு 'முழங்கை' வேண்டாம். குழாய் வேலை செய்பவர்கள் எல்போ என்கிறார்கள், ஆட்டத்தில் 'வளைவு' போதும். வந்துகொண்டிருக்கும் துண்டுகளின் வரிசைக்குத்தான் எனக்கு எதுவும் சரியாக அமையவில்லை. 'காத்திருப்பு வரிசை' நீளமாக இருக்கிறது. உணவங்காடியில் நிற்பதுபோலவும் ஒலிக்கிறது. யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்,
ஈசூனிலிருந்து