மெய்ஜி காலத் தொடக்கத்தில் ஜப்பானின் வெளியுறவு யார் கையில் இருந்தது?

கேள்வி:
1858-இல் அமெரிக்காவுடனான வணிக உடன்படிக்கையில், பேரரசரின் ஒப்புதல் கிடைக்காத நிலையிலும், ஷோகுனின் (பேரரசரின் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரின்) அரசு கையொப்பமிட்டது. வெளியுறவு அமைச்சகம் நிறுவப்பட்டதோ 1869-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அயல்நாட்டுத் தூதர்கள் யாரை அரசாகக் கருதிப் பேசினார்கள்? அமைச்சகம் வந்தபின் அதிகாரம் முழுவதும் அதனிடம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
ஒப்புதல் கேட்டதுதான் வினையாயிற்று என்பது என் கருத்து. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வெளியுறவைத் தானே நடத்திவந்த, எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) இருந்த ஷோகுனின் அரசு, எதிர்ப்பாளர்களின் வாயை அடைக்கத் தன் மூத்த அமைச்சர் ஹொத்தா மசயோஷியைப் பேரரசர் இருந்த கியோட்டோவுக்கு அனுப்பியது. அவர் வெறுங்கையோடு திரும்பினார். இறுதி முத்திரை கியோட்டோவில் இருக்கிறது என்பதை ஷோகுனின் அரசே ஊரறியச் செய்துவிட்டது. ஒப்புதலின்றிக் கையொப்பத்துக்கு வழிவிட்ட, ஷோகுன் அரசின் தலைமை அமைச்சர் ஈயி நவோசுகே 1860-இல் எதோ கோட்டை வாயிலருகே வெட்டிக் கொல்லப்பட்டார். 1865-இல் ஹியோகோ கடலில் போர்க்கப்பல்களை நிறுத்திய தூதர்கள், பேரரசரின் ஒப்புதலையே கேட்டுப் பெற்றார்கள்.

இதற்கிடையே, ஷோகுனுக்கு உட்பட்ட பிரபு ஒருவரின் ஆட்சிப்பகுதியான சத்சுமா தனி வழியில் போயிற்று. 1863-இல் ககோஷிமாவைப் பீரங்கியால் தாக்கிய பிரிட்டனுக்கு அது இழப்பீடு கொடுத்தது. அந்தப் பணம் ஷோகுனின் அரசிடமே வாங்கிய கடன், திருப்பித் தரப்படவும் இல்லை! 1867 பாரிஸ் கண்காட்சியிலும் சத்சுமா தனி அரசைப்போல் பங்கேற்றது.

மறுமொழி 2:
கொரியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷோகுனின் ஆட்சி முடிந்து பேரரசரின் பெயரில் புதிய அரசு அமைந்தபின், 1868 பிப்ரவரியில் அதன் சார்பில் ஹிகாஷிகுசே மிச்சிதோமி, உடன்படிக்கைகளில் ஷோகுனைக் குறிக்கும் 'டைக்குன்' என்றிருக்கும் இடத்தில் இனிப் 'பேரரசர்' என்று கொள்ள வேண்டுமென மேலைத் தூதர்களிடம் அறிவித்தார். ஆனால், கொரியாவுடனான தொடர்பு வழக்கம்போல் இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள சுஷிமா தீவின் பிரபு வழியாகவே நடந்தது. அவர் அனுப்பிய கடிதத்தில் சீனப் பேரரசருக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட எழுத்துகள் இருந்ததால், கொரிய அதிகாரிகள் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். 1872-இல்தான் கொரியத் துறைமுகமான பூசானில் தூதுக்கும் வணிகத்துக்கும் இருந்த ஜப்பானிய இல்லத்தை அமைச்சகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

மறுமொழி 3:
இரண்டாம் கேள்விக்கு என் விடை, இல்லை என்பதே. 1873-இல் புதிய அரசின் தலைவர்களுள் ஒருவரான சாய்கோவைக் கொரியாவுக்குத் தூதராக அனுப்ப எடுத்த முடிவை, மேலைநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிய சக தலைவர்களான இவாகுராவும் ஒகுபோவும் மாற்றிவிட்டார்கள். பதவி விலகியவர்களுள் வெளியுறவுக்குப் பொறுப்பான சொயெஜிமா தானேயோமியும் ஒருவர். 1889-இல் வெளியுறவு அமைச்சர் ஒகுமா ஷிகெனோபு, உச்சநீதிமன்றத்தில் அயல்நாட்டு நீதிபதிகளை அமர்த்த இசையும் உடன்படிக்கைத் திருத்த வரைவோடு பேச்சு நடத்தியபோது, அது லண்டன் நாளிதழ் வழியாக வெளியாகி நாடே கொதித்தது. அக்டோபரில் வீசப்பட்ட குண்டு அவருடைய வலக்காலைப் பறித்தது. பேச்சும் அத்துடன் நின்றது.